எதைவச்சு மேடம்

அன்று காலை கட்டிலைச் சுற்றி யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

கவிதா சிஸ்டர் இருந்தார். பெண்கள் வார்டு இன்சார்ஜ் அவர்தான்.

மேடத்தின் தம்பி இருந்தார். கைலாசபுரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவர். கையில் சீவிய இளநீர். எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

சின்ன டாக்டர் இருந்தார். சின்ன டாக்டர்கள் அடிக்கடி மாறுவார்கள். பெயர் மனசில் நிற்பதில்லை.

பௌசியா இருந்தாள். நர்சிங் நாலாம் வருஷம் படிக்கிற பிள்ளை.

நான் இருந்தேன். வார்டு ஆயா. மேடத்தை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டிருந்தது நான்.

கட்டிலில் மேடம் இருந்தார். முகம் சுவரைப் பார்த்து.

நாங்கள் எல்லாரும் அவர் முதுகைப் பார்த்தோம். அவரால் பார்க்க முடியாது. இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்ச்சியும் கிடையாது. பின்னால் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டுமானால் எங்களில் ஒருவர் வாயைத் திறக்க வேண்டும்.

அதற்கு வருகிறேன். மேடம் யார் என்று தெரியாமல் அதைச் சொன்னால் விளங்காது.

எங்கள் ஆஸ்பத்திரியோடு ஒரு நர்சிங் காலேஜ் இருக்கிறது. அதில் அவர் டீச்சர். பெயர் வேண்டாம். அவர் பெயரைச் சொன்னால் வேறு சிலர் பெயரும் கூடவே வரும். குள்ளம். நல்ல கருப்பு. பருத்திப் புடவை, இடது தோளில் பின். கைப்பையில் எப்போதும் காகித டேப் ஒரு சுருள் இருக்கும், புண்ணை அளக்கிற டேப். பிள்ளைகளுக்கு ஆராய்ச்சிப் பாடம் எடுத்தார். ஆராய்ச்சி என்றால் ராக்கெட் விடுகிறவர்கள் செய்வது என்று நான் நினைத்திருந்தேன். நான் எட்டாவதோடு நின்றவள்.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் எதைவச்சு மேடம். யார் என்ன சொன்னாலும் அவர் கேட்பது அதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து, படுக்கையில் கிடப்பவர்களுக்குக் காலையில் முதுகைத் துடைத்து, ஸ்பிரிட் போட்டுத் தேய்த்து, பவுடர் போடுவோம். இடுப்பெலும்பு மேட்டில் தோல் நிறம் மாறியிருந்தால் அங்கே இன்னும் அழுத்தித் தேய்ப்போம். ரத்தம் ஓடும் என்பார்கள். பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தார்கள். பரீட்சையில் அப்படி எழுதினால்தான் மார்க்.

ஒரு நாள் கவிதா தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அவள் மாணவி. மடித்துக் கட்டிய ரெட்டைச் சடை. மேடம் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“எதுக்குத் தேய்க்கிறே?”

“படுக்கைப் புண்ணு வராம இருக்க, மேடம்.”

“எதை வச்சு சொல்றே?”

“புக்ல இருக்கு மேடம்.”

“புக்கு எழுதினவரு எதை வச்சு எழுதினாரு?”

கவிதா என்னைப் பார்த்தாள். நான் ஸ்பிரிட் பாட்டிலைப் பார்த்தேன்.

“ஆயாம்மா, நீங்க சொல்லுங்க. தேய்ச்சா வராதா?”

“நாங்க வந்த நாள்லேர்ந்து இப்பிடித்தாங்க மேடம்.”

“செய்றீங்க, தெரியுது. தேய்ச்ச முதுகுல வரலையா?”

வந்தது. தேய்த்த முதுகிலும் வந்துகொண்டுதான் இருந்தது. நான் அதை அப்படிச் சேர்த்து யோசித்ததில்லை.

அன்று சாயங்காலம் பிள்ளைகளை லைப்ரரியில் உட்கார வைத்துத் தேடச் சொல்லியிருக்கிறார். எலும்பு மேட்டில் அழுத்தித் தேய்த்தால் உள்ளே இருக்கிற சதை இன்னும் கெடும், தேய்க்காதே என்று வேறு தேசங்களில் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்களாம். மறுநாள் கவிதா ஓடி வந்து என்னிடம் சொன்னாள். “ஆயா, நாம இத்தனை நாளா பண்ணது தப்பு ஆயா.” முகமெல்லாம் சிரிப்பு. தன் தப்பைத் தானே கண்டுபிடித்து அப்படிச் சிரித்த ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

வெளியிலும் மேடம் அப்படித்தான். அவர் வீடு ஸ்ரீரங்கத்தில், ஒரு மாமி வீட்டு மாடி. நானும் ஸ்ரீரங்கம்தான். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அடிக்கடி ஒரே பஸ்ஸில் ஏறுவோம். கண்டக்டர் “பாலத்துல டிராபிக்கு, லேட்டாவும்” என்றால் மேடம் விட மாட்டார். “எதை வச்சு சொல்றீங்க?” கண்டக்டர் என்னைப் பார்த்து, “டீச்சரா?” என்பார். நான் தலையாட்டுவேன்.

ஒரு தடவை காந்தி மார்க்கெட்டுக்கு வெங்காயம் வாங்கச் சேர்ந்து போனோம். கீரைக்காரர் “இன்னிக்குக் காலைல பறிச்சதும்மா” என்றார். மேடம் கேட்டுவிட்டார். அந்த ஆள் கீரைக்கட்டைக் கீழே போட்டார்.

“ஏம்மா, கீரைக்கு எல்லாம் பரீட்சை வச்சா நான் எங்க போயி எழுதுவேன்? வேணும்னா எடுங்க, வேணாட்டி நடங்க.”

மேடம் சிரித்துவிட்டு ரெண்டு கட்டு எடுத்துக்கொண்டார். தண்டை ஒடித்துப் பார்த்துத்தான் எடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது சொன்னார். அவர் அப்பாவுக்குக் கைலாசபுரம் ஃபேக்டரியில் வேலை. பற்ற வைத்த ஜாயின்ட்டுகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது. “வெளிய பளபளன்னு இருக்கும் ஆயாம்மா. உள்ள ஓட்டை இருக்கும். பாக்காம நல்லாருக்குன்னு சொல்றவன் பாய்லரு பக்கத்துல நிக்கட்டும்பாரு அப்பா.”

“இரும்புக்கும் எக்ஸ்ரே உண்டாங்க மேடம்?”

“இரும்புக்குத்தான் ஒழுங்கா எடுக்கறாங்க” என்றார்.

நாலாம் வருஷத்தில் பிள்ளைகள் ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். செய்கிற விதம் எல்லாருக்கும் தெரியும். சீனியர் பிள்ளைகள் வைத்துவிட்டுப் போனதை எடுத்து, வார்டு பெயரை மாற்றி, வருஷத்தை மாற்றி, சத்திரம் பக்கத்தில் ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால் அச்சடித்து அட்டை போட்டுத் தருவார்கள். நோயாளி யாரையும் பார்க்க வேண்டியதில்லை. ஹாஸ்டலில் உட்கார்ந்து எண்களைப் போட்டுக்கொள்வார்கள். முடிவு எப்போதும் நல்லதாகவே வரும். அட்டை போட்டதை வாங்கி வர என்னைத்தான் அனுப்புவார்கள். தங்க எழுத்து மின்னும். கனமாக இருக்கும்.

மேடம் அந்தப் பாடத்துக்கு வந்த முதல் வருஷம், ஒரு குரூப் கொண்டுவந்ததைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் மேஜை துடைத்துக்கொண்டிருந்தேன்.

“எந்த வார்டுல பண்ணீங்க?”

“பிரசவ வார்டு மேடம்.”

“நேர்ல போனீங்களா?”

“போனோம் மேடம். எல்லார்கிட்டயும் கேட்டோம்.”

“பீடி பிடிக்கிறவங்க பதினோரு பேருன்னு போட்டிருக்கே. பிரசவ வார்டுலயா?”

அது ஆண்கள் வார்டில் யாரோ எப்போதோ செய்தது. ஒரு பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் அடக்க முடியவில்லை, துணியோடு வெளியே போனேன். மேடம் சிரிக்கவில்லை. எல்லா குரூப்பையும் திருப்பி அனுப்பினார். அந்த வாரம் ஹாஸ்டலில் அவரைத் திட்டாத பிள்ளை இல்லை.

கவிதா குரூப்புக்கு அவர் கொடுத்த வேலை இது. நம் வார்டில் படுக்கையில் கிடப்பவர்களில் யாருக்குப் புண் வருகிறது, யாருக்கு வருவதில்லை, ஏன். சேர்ந்த அன்றே முதுகைப் பார்க்க வேண்டும். பிறகு தினமும் பார்க்க வேண்டும். வந்தால் டேப் வைத்து அளக்க வேண்டும். தலைப் பக்கத்திலிருந்து கால் பக்கம் நீளம். அதற்குக் குறுக்கே அகலம். பஞ்சுக் குச்சி விட்டு ஆழம்.

முசிறிப் பக்கத்துப் பாட்டி ஒருத்தி இடுப்பு முறிந்து கிடந்தாள். பிள்ளைகள் நாலு பேர் அவள் பின்னால் குனிந்து நிற்பார்கள்.

“ஏங்கடி, என் முதுவுல என்னத்தடி தெனம் படிக்கிறீங்க? பத்திரிகையா ஒட்டியிருக்கு?”

“புண்ணு வருதான்னு பாக்கறோம் பாட்டி.”

“வந்தா என்ன செய்வீங்க?”

“எழுதுவோம்.”

“எழுதினா ஆறிடுமா?”

மேடம் சொன்னார், “ஆறாது பாட்டி. அடுத்தவங்களுக்கு வராம இருக்கும்.”

“அப்ப அடுத்தவ குடுத்து வச்சவ” என்றாள் பாட்டி.

அந்தப் பாட்டி முதுகைப் பார்த்துவிட்டுக் கவிதா ஒரு நாள், “சிவக்கல மேடம், நல்லா இருக்கு” என்றாள். மேடம் அவளைக் கிட்டே கூப்பிட்டார்.

“பாட்டி என்ன நிறம்?”

“கருப்பு மேடம்.”

“கருப்புத் தோல்ல சிவப்பு எங்கடி தெரியும்? சிவக்கும்னு எழுதினவன் வெள்ளைத் தோலைப் பாத்து எழுதினான். நம்ம ஊரு முதுகை நீதான் பாக்கணும். கைய வை. சூடா இருக்கா? கல்லாட்டம் இருக்கா? பக்கத்துத் தோலோட வச்சுப் பாரு.”

கவிதா கையை வைத்தாள். சூடாக இருந்தது. ரெண்டு நாளில் அங்கே தோல் உரிந்தது. அன்றிலிருந்து கவிதா கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்வதை விட்டுவிட்டாள். அந்த குரூப்பில் கெட்டிக்காரி அவள்தான்.

எனக்கும் மேடத்துக்கும் ஒரே ஒரு மனத்தாங்கல். ஒரு பிள்ளைக்கு ஒரு நாள் வர முடியவில்லை. மறுநாள் என்னிடம் கேட்டாள், நேற்று ஏழாம் கட்டிலுக்கு எப்படி இருந்தது என்று. நான் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள். மேடம் அதைக் கோடு போட்டு அடிக்கச் சொன்னார்.

“ஆயா சொன்னது ஆதாரம் இல்ல. நீ பாத்தியா? பாக்கலன்னா பாக்கலன்னு எழுது.”

நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். பக்கெட்டை எடுத்துக்கொண்டு போனேன். சாயங்காலம் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நீங்க சொன்னதைப் பொய்யுன்னு சொல்லல.”

“சரிங்க மேடம்.”

“நீங்க லீவு போட்ட அன்னிக்கு அவ யாரைக் கேப்பா?”

“சரிங்க மேடம்.”

பாலத்தில் பஸ் மெதுவாகப் போனது. ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். நியாயம் அவர் பக்கம்தான். ஆனால் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

மூன்று மாதம் அளந்த பிறகு பிள்ளைகளுக்கு ஒன்று தெரிந்தது. புண்ணோடு வீட்டிலிருந்து வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மிச்சம் எல்லாருக்கும் எங்களிடம் வந்த பிறகுதான் வந்தது. திருப்பிப் போட ஆள் இல்லை. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பியதாகச் சார்ட்டில் கையெழுத்து இருக்கும். அது காலையில் மொத்தமாகப் போடுவது. இது ரகசியம் ஒன்றும் இல்லை. எல்லாரும் போடுவார்கள், எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகள் அதையும் எழுதிவிட்டார்கள்.

ஆபீஸ் ரூமுக்கு மேடத்தைக் கூப்பிட்டார்கள். டீ கொண்டு நான் உள்ளே போனேன். நிர்வாகம் பார்க்கிற அதிகாரி நல்ல மாதிரியாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

“பிள்ளைங்க ப்ராஜெக்ட்தானே மேடம். ஆஸ்பத்திரி பேரைக் கெடுக்கறதுக்கா ஃபீஸ் கட்டிப் படிக்குதுங்க?”

“பேரு கெடல சார். முதுகுதான் கெட்டுது.”

“வரும்போதே புண்ணோட வந்தாங்கன்னு போட்டா என்ன போச்சு?”

“எதை வச்சுப் போடறது சார்?”

அவர் டீயை எடுத்துக் குடித்தார். “நீங்க டீ எடுத்துக்கங்க” என்றார். மேடம் எடுக்கவில்லை. அந்த டம்ளரை நான்தான் திரும்பக் கொண்டுவந்தேன்.

மறுவாரம் ப்ராஜெக்டைப் பார்க்க வேறு டீச்சரைப் போட்டார்கள். பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். கவிதா குழாயடியில் மேடத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

“மேடம், எங்கப்பா காந்தி மார்க்கெட்ல மூட்டை தூக்கறாரு. நான் இந்த வருஷம் பாஸாகணும்.”

“ஆகு.”

“கோவமா மேடம்?”

“இல்ல. நீ அளந்தது உனக்குத் தெரியும்ல. அது போதும்.”

எண்களை மாற்றினார்கள். வந்தவர்கள் எல்லாம் புண்ணோடுதான் வந்தார்கள், ஸ்பிரிட் போட்டுத் தேய்த்ததில் ஆறியது என்று வந்தது. நான்தான் ஜெராக்ஸ் கடையிலிருந்து வாங்கி வந்தேன். வழக்கமான கனம். அந்த வருஷம் முதல் பரிசு அதற்குத்தான். கவிதாவுக்கு எங்கள் ஆஸ்பத்திரியிலேயே வேலை கொடுத்தார்கள்.

மேடத்துக்குக் கொஞ்ச காலம் லைப்ரரி வேலை. புத்தகம் எடுக்க யாரும் வர மாட்டார்கள். அவர் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். சில வருஷம் கழித்து, அந்தப் பாடம் எடுத்த டீச்சர் வேறு ஊருக்குப் போய்விட, பாடம் திரும்ப அவரிடம் வந்தது. அவர் மாறவில்லை. ஆனால் பிள்ளைகளை ப்ராஜெக்டுக்கு வார்டுக்கு அனுப்புவதை விட்டுவிட்டார். படிக்க வைத்தார். ஒவ்வொருத்தி கையிலும் காகித டேப் மட்டும் கொடுத்தார். ஏன் என்று கேட்டேன்.

“அளக்கத் தெரிஞ்சுக்கட்டும். எங்கயாவது ஒரு ஊருல அளக்க விடுவாங்க.”

பௌசியா அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி. பாலக்கரை. அதிகம் பேச மாட்டாள். ஒரு நாள் வகுப்பில் எழுந்து நின்றாளாம்.

“ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு வாட்டி திருப்பணும்னு சொல்றீங்களே மேடம், எதை வச்சு சொல்றீங்க?”

மேடம் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, “சரியா ரெண்டுதானான்னு எனக்குத் தெரியல. தேடுவோம்” என்றாராம். அன்று அவளைக் கேன்டீனுக்குக் கூட்டிவந்து டீ வாங்கிக் கொடுத்தார். நான் அங்கே இருந்தேன். “இத்தனை வருஷத்துல என்னைத் திருப்பிக் கேட்டது இவ ஒருத்திதான் ஆயாம்மா” என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

ஐப்பசி மழையில் மாடிப்படியில் வழுக்கி விழுந்தார். கொடியில் துணி எடுக்கப் போனவர். வீட்டுக்கார மாமி, “ரங்கநாதன் கிருபை, தலையில படலை” என்றார். முதுகுத்தண்டில் பட்டது. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன். ஊழியர்களுக்குச் சலுகை உண்டு. பிறகு எங்கள் வார்டுக்கு வந்தார். கவிதா சிஸ்டர் வார்டு.

முதல் வாரம் எல்லாரும் வந்தார்கள். பழம் வந்தது. சொல்லாமலே வந்து திருப்பிப் போட்டார்கள். பிறகு வார்டு நிரம்பிவிட்டது. ரெண்டு சிஸ்டர், நான், படுக்கை எல்லாம் ஆள். மேடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கிடப்பார். கூப்பிட மாட்டார். ரொம்ப நேரம் தாண்டினால் மட்டும் “கவிதா” என்பார். கவிதா சிஸ்டர் “தோ வரேன் மேடம்” என்பார். வருவார், சில நேரம்.

ஒரு நாள் மேடத்தின் இடுப்புக்குக் கீழே காற்று ரிங் வைக்கச் சொன்னார் கவிதா சிஸ்டர். நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையம். அது வேண்டாம், சுற்றி இருக்கிற சதைக்கு ரத்தத்தை நிறுத்தும் என்று மேடம் பாடம் நடத்தியது எனக்கே ஞாபகம் இருந்தது.

“மேடம் இதை வைக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்களே சிஸ்டர்.”

“ஏர் பெட்டு எல்லாம் ஐசியூல மாட்டிக்கிச்சு ஆயா. இருக்கறது இதான். வச்சது அவங்களுக்குத் தெரியப் போறதில்ல. நீயும் சொல்லித் தொலைக்காதே.”

கவிதா கெட்டவர் இல்லை. சாப்பிடாமல் வேலை பார்ப்பார். அன்று முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மேடம் தினமும் காலையில் கேட்பார்.

“பின்னாடி எப்படி இருக்கு கவிதா?”

“நல்லா இருக்கு மேடம். சிவக்கவே இல்ல.”

முதல் தடவை அதைக் கேட்டபோது மேடம் தலையைத் திருப்பினார். கவிதா முகத்தைப் பார்த்தார். கவிதா சிஸ்டர் டிரிப்ஸைப் பார்த்தார்.

“கைய வச்சுப் பாத்தியா?”

“பாத்தேன் மேடம்.”

மேடம் கண்ணை மூடிக்கொண்டார். என்னை அவர் கேட்கவில்லை. ஆயா சொன்னது ஆதாரம் இல்லை.

அப்புறம் என்ன ஆனது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தை பிறக்கிறதுக்குள் மேடம் போய்விட்டார். காய்ச்சல் வந்தது, இறங்கவில்லை. இதயம் நின்றது என்று எழுதினார்கள். புண் என்று எழுதவில்லை. எல்லாருக்கும் கடைசியில் இதயம்தான் நிற்கிறது. கவிதா சிஸ்டர் எடுக்கிற வரைக்கும் கூடவே இருந்தார். காலேஜில் இரங்கல் கூட்டம் வைத்து, ஆராய்ச்சி மனப்பான்மையை வளர்த்தவர் என்று பேசினார்கள். அந்த அதிகாரிதான் பேசினார். பௌசியா பாஸாகி வளைகுடாப் பக்கம் போய்விட்டாள். எங்கள் வார்டில் இன்றைக்கும் காலையில் ஸ்பிரிட் போட்டுத் தேய்க்கிறோம். புதுப் பிள்ளைகளும் தேய்க்கிறார்கள். எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

இனி அந்தக் காலை.

மேடம் அன்று கேள்வியை மாற்றிக் கேட்டார்.

“கவிதா, எனக்கு வாசனை வருது.”

“டிரெயினேஜ் மேடம். காலைலேர்ந்து அடைச்சிருக்கு.”

“எதை வச்சு சொல்றே?”

கவிதா சிஸ்டர் போர்வை நுனியை இழுத்துவிட்டார். தம்பி இளநீரை நீட்டினார். “இதைக் குடி அக்கா. அப்பறம் பேசிக்கலாம்.” மேடம் அவரைப் பார்க்கவில்லை. வார்டில் பி.பி. பார்த்துக்கொண்டிருந்த பௌசியாவைக் கூப்பிட்டார்.

“டேப் வச்சிருக்கியா?”

“இருக்கு மேடம்.”

“பௌசியா, நீ போயி அந்தப் பக்கம் பாரு” என்றார் கவிதா சிஸ்டர். குரல் ஏறவில்லை.

“இருக்கட்டும். ஆயாம்மா, என்னைத் திருப்புங்க.”

நான் கவிதா சிஸ்டரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். திருப்பினேன். ரிங்கை உருவிக் கீழே வைத்தேன். துணியை விலக்கினேன். சின்ன டாக்டர் ரவுண்ட்ஸில் வந்தவர் நின்றுவிட்டார். தம்பி பார்த்துவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“இப்ப எதுக்கு மேடம், ரெஸ்ட் எடுங்க. மருந்து போட்டுக்கலாம்” என்றார் சின்ன டாக்டர்.

“அக்கா, விடேன்க்கா” என்றார் தம்பி.

“பௌசியா” என்றார் மேடம், சுவரைப் பார்த்து.

“சின்னதுதான் மேடம்.”

“சின்னதுன்னு ஒரு அளவு நான் சொல்லிக்குடுக்கல.”

பௌசியா கையுறை போட்டாள். டேப்பைக் கிழித்தாள். தலைப் பக்கத்திலிருந்து கால் பக்கம் வைத்தாள். என் கை பிடித்துப் பிடித்து மரத்திருந்தது.

“நீளம்?”

“ஒம்பது மேடம்.”

“அகலம்?”

“ஏழு.”

கவிதா சிஸ்டர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“ஆழம்?”

பௌசியா பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டாள். மேடத்துக்கு அது தெரியவில்லை. காத்திருந்தார். குச்சியை எடுத்து டேப்பின் மேல் வைத்துப் பார்த்தாள் பௌசியா. சரியாகத் தெரியாததால் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இன்னொரு தடவை பார்த்தாள்.

“மூணு சென்டிமீட்டர்.”